அவள் வாசிக்காத மன்றாட்டு

ஒரகடம் கூட்டு ரோட்டுக்கு உள்ளே தள்ளியிருந்த எங்கள் தகரக் கோயிலில், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஒரு வேண்டுதல் வாசிக்கப்பட வேண்டுமென்றால் சாமியாரைப் பார்த்துப் பயனில்லை. எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த ஒரு பெண்ணைப் பார்க்க வேண்டும். அவளைத் தாண்டித்தான் ஆண்டவரிடம் போக முடியும் என்று நாங்கள் கேலி பேசுவோம். அதில் பாதிக்கு மேல் உண்மை.

அவள் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கேயும் யாரும் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. பூத்தக்கா என்றால் போதும், லாரி டிரைவர்களிலிருந்து கம்பெனி வாட்ச்மேன்கள் வரை எல்லோருக்கும் தெரியும். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். நான் தங்கச்சி என்பேன், அவள் அண்ணா என்பாள். சிறுவயதில் வந்த போலியோவால் இடது கால் சூம்பியிருக்கும். கையில் எப்போதும் ஒரு தடி. ஊனமுற்றோருக்கான ஒதுக்கீட்டில் கிடைத்த பூத் அது. கைபேசி எல்லாம் மேனேஜர்களின் இடுப்பில் மட்டும் இருந்த காலம். தெற்கேயிருந்து வேலைக்கு வந்த எங்களைப் போன்றவர்களுக்கு வீட்டாரின் குரலைக் கேட்க அந்தக் கண்ணாடிப் பெட்டியை விட்டால் வேறு வழியில்லை.

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பூசையில் பிரசங்கம் முடிந்ததும் மக்கள் சார்பாக ஐந்து மன்றாட்டுகள் வாசிப்பது வழக்கம். திருச்சபைக்காக ஒன்று, நாட்டை ஆளுகிறவர்களுக்காக ஒன்று, மீதி மூன்று ஊர்க்காரர்களின் தேவைகளுக்கு. ஒவ்வொன்று முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்வோம். எங்கள் சாமியார் நான்கு ஊர்க் கோயில்களைக் கவனித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பறந்துகொண்டிருந்தவர். கையெழுத்து நன்றாக இருக்கிறது, பூத்துக்கு எல்லோரும் வந்து போகிறார்கள் என்று மன்றாட்டு எழுதி வாசிக்கும் வேலையை அவளிடம் விட்டுவிட்டார். இப்படி ஆகும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பூத்துக்குப் போய் வேண்டுதலைச் சொல்ல வேண்டும். பேனாவைத் திறக்காமலே முழுவதையும் கேட்பாள். கேட்டு முடித்ததும் ஒரே ஒரு கேள்வி.

"சரி. அதுக்கு நீங்க இன்னா பண்ணப் போறீங்க?"

பதில் இருந்தால் பேனா திறக்கும். இல்லையென்றால், "யோசிச்சிட்டு அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு நம்பரைச் சுழற்ற ஆரம்பித்துவிடுவாள். சிபாரிசு எடுபடாது. கோயிலுக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்த பெரிய மனிதரே ஒருமுறை திரும்பிப் போயிருக்கிறார்.

சேரப்பணஞ்சேரிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு அம்மாள், மருமகள் மனம் மாற வேண்டும் என்று எழுதச் சொன்னாள்.

"நீங்க இன்னா மாறப் போறீங்க, ஆயா?" என்று கேட்டாள் இவள். கேள்வியின் வார்த்தை ஆளுக்குத் தகுந்தாற்போலக் கொஞ்சம் மாறும்.

"நான் ஏன்டி மாறணும்? அவதான் எட்டு மணி வரிக்கும் தூங்குறா."

"அவ ராத்திரி ஷிப்டு முடிச்சிட்டு ஆறு மணிக்கு வூட்டுக்கு வர்றா. எனக்குத் தெரியாதா? இங்கதான பஸ்ஸ வுட்டு எறங்குது."

அம்மாளுக்கு வந்ததே கோபம். மூன்று வாரம் வேறு கோயிலுக்குப் போனாள். நான்காவது வாரம் வந்து, மருமகள் வந்ததும் காபி போட்டுக் கொடுப்பதாக முறைத்துக்கொண்டே சொன்னாள். அந்த ஞாயிறு அவள் மன்றாட்டு வாசிக்கப்பட்டது. மருமகள் மாறினாளா தெரியாது. ஆனால் அந்த அம்மாள் கோயிலுக்கு வரும்போது மருமகளையும் கூட்டிக்கொண்டு வர ஆரம்பித்தாள்.

செம்பரம்பாக்கம் ஏரி தரை வெடித்துக் கிடந்த வருடம் அது. சென்னைக்குத் தண்ணீர் லாரிகள் வரிசைகட்டி ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் கோயில் பெரியவர் ஒருவர், இரண்டு ஏக்கர் நிலம் வைத்திருந்தவர், மழைக்காக மன்றாட்டு எழுதச் சொன்னார். அவருக்கும் அதே கேள்விதான்.

"மழைக்கு நான் இன்னாம்மா பண்றது? மேகத்த கயிறு கட்டி இழுக்கவா?"

"மழை வந்தா தண்ணி எங்க போவும்? நம்மூரு ஏரிக்கு வர்ற கால்வா பூரா வேலிக்காத்தான் முள்ளு. ஆண்டவரு அனுப்பிச்சாலும் உள்ள வரத்துக்கு வழி ஏது?"

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அடுத்த சனிக்கிழமை நாங்கள் ஒன்பது பேர் கத்தியும் கடப்பாரையுமாகக் கால்வாயில் நின்றோம். இவள் கரையில் தடியை ஊன்றி நின்றபடி, "அந்த வேர வுட்டுட்டீங்க, அண்ணா" என்று வேலை வாங்கினாள். என் உள்ளங்கையில் முள் ஏறி ஒரு வாரம் சீழ் வைத்தது. அந்த ஞாயிறு மழைக்கான மன்றாட்டு கம்பீரமாக வாசிக்கப்பட்டது. மறுநாளே மழை கொட்டியது என்று எழுதி இதை அற்புதம் ஆக்கிவிட எனக்கும் ஆசைதான். கொட்டவில்லை. ஏழெட்டு மாதம் ஆனது. அதுவரை ஒவ்வொரு வாரமும் அவள் அதை விடாமல் வாசித்தாள், நாங்களும் விடாமல் முள் வெட்டினோம். கடைசியில் மழை வந்தபோது தண்ணீர் நேராக ஏரிக்குள் போயிற்று.

அவளுடைய காலுக்காக யாராவது வேண்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டால் சிரிப்பாள். "அதுக்கு நான் பண்ண வேண்டியத பண்ணிட்டேன். நல்ல தடியா பாத்து வாங்கிட்டேன்" என்பாள்.

பக்திக்காரி இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். மதியம் பன்னிரண்டு மணிக்குப் பக்கத்துக் கம்பெனியில் சங்கு ஊதும். எங்களுக்கு அது சாப்பாட்டுச் சங்கு. அவளுக்குக் கோயில் மணி. யார் பேசிக்கொண்டிருந்தாலும் தடியைப் பிடித்து எழுந்து நின்று, மாதாவை நினைத்துச் சொல்லும் மூவேளை செபத்தை முணுமுணுப்பாள். ஒரு நிமிடம்தான். செபம் முடிந்த கையோடு வெளியே போய், வழிப்போக்கர்களுக்காக வைத்திருந்த பானையில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பாள். அந்த இரண்டையும் அவள் தனித்தனியாகச் செய்து நான் பார்த்ததில்லை.

அவள் எப்போதும் சரியாகத்தான் நடந்துகொண்டாள் என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் கட்டட வேலை செய்கிற ஒருவர் ஓடிவந்தார். குழந்தைக்கு மூளைக் காய்ச்சல், எழும்பூர் ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறது, வேண்டிக்கொள்ளுங்கள் என்றார். பழக்கதோஷம், இவள் அவரிடமும் கேட்டுவிட்டாள். அந்த மனிதர் அவளையே பார்த்தார். "நான் என்னம்மா செய்வேன்? எனக்கு என்ன தெரியும்?" என்று சொல்லி, கண்ணாடிப் பெட்டியில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். நான் அங்கே இருந்தேன். அவள் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. உடனே பேனாவைத் திறந்தாள்.

"எழுதிட்டேன், அண்ணா. இதுக்கு நான் பண்றேன்."

மறுநாளிலிருந்து பூத்தைத் தன் தங்கையிடம் விட்டுவிட்டு, தடியோடு இரண்டு பஸ் மாறி எழும்பூருக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். பன்னிரண்டு நாள். குழந்தை பிழைத்தது. அன்றிலிருந்து அழுகிறவர்களிடம் அவள் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. மற்றவர்களைக் கேட்காமல் விட்டதும் இல்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்தேன்.

வண்டிகளுக்குத் தகடு பாகங்கள் அடித்துக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் செட்டர். பிரஸ் மெஷினில் அச்சை மாட்டி, சரிபார்த்து, ஓட்டுகிறவரிடம் ஒப்படைப்பது என் வேலை. அந்த மெஷினில் இரண்டு பட்டன்கள் இருக்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலேயிருந்து அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே மாட்டாது. அதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

ஒரு வாரம் ஆர்டர் நெருக்கியது. சூப்பர்வைசர் வந்து, "ஒரு பட்டனுக்குக் கட்டையச் செருகிவுடு. ஒரு கையால வைக்கட்டும், ஒரு கையால அமுக்கட்டும். அப்பதான் எண்ணிக்கை வரும்" என்றார். நான் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. தீப்பெட்டி அளவு மரத்துண்டை நானே சீவிச் செருகினேன். மூன்றாம் நாள் காலை ஷிப்டில் வந்த காண்ட்ராக்ட் தொழிலாளி ஒருவருடைய வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. ராமநாதபுரத்துக்காரர், எங்கள் கோயிலுக்கு வருகிறவர். ஊரில் மனைவி, ஒரு பெண் குழந்தை.

கட்டையை அவரே வைத்துக்கொண்டார் என்று கம்பெனி எழுதிக்கொண்டது. மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை விசாரணை. அதில் அப்படியே முடிவானால் அவருக்கு நஷ்டஈடும் இல்லை, இனி வேலையும் இல்லை. கட்டையை வைத்தது யார் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். சூப்பர்வைசர் சொல்லப் போவதில்லை. என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். குன்றத்தூரில் புதிதாகக் குடிவந்திருந்தோம். நானும் சொல்லப் போவதில்லை என்றுதான் இருந்தேன்.

வாயை மூடிக்கொண்டு இருக்க முடிந்தது, மனதை மூட முடியவில்லை. அந்தச் சனிக்கிழமை பூத்துக்குப் போனேன்.

"விபத்துல அடிபட்ட சகோதரருக்காக ஒரு மன்றாட்டு எழுதும்மா."

"எழுதலாம், அண்ணா. நீங்க இன்னா பண்ணப் போறீங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்து தயாராகத்தான் போயிருந்தேன். "வேளாங்கண்ணிக்கு நடந்து போறதா நேர்ந்திருக்கேன்" என்றேன்.

"நல்லது. அதுல அவருக்கு இன்னா?"

"வெள்ளிக்கிழம தோறும் ஒருசந்தி இருக்கப் போறேன்."

"நீங்க சாப்புடாத இருந்தா அவரு வவுறு ரொம்புமா?"

எனக்குச் சுருக்கென்றது. "நீ என்ன, பரலோகத்துக்கு வாட்ச்மேனா? ஒருத்தன் வேண்டுதலை நிறுத்த நீ யாரு?" என்று கத்திவிட்டேன். பெட்டிக்குள் பேசிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "நான் பூத்துக்காரி, அண்ணா. நம்பர தப்பா போட்டா லைன் கெடைக்காது. அத்த சொல்றேன், அவ்ளோதான்."

நாளை மறுநாள் விசாரணை என்ற மூன்றாவது சனிக்கிழமை வரை நான் அந்தப் பக்கம் போகவில்லை. அன்றும் என் அம்மாவுக்குப் போன் பேசத்தான் போனேன், அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேசி முடித்து வெளியே வந்ததும் அவள் மீட்டரைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தாள். பூத்தில் காதில் விழுந்ததை இன்னொருவரிடம் சொல்வது அவளுக்கு மகா பாவம். அந்தக் கட்டுப்பாட்டை அவள் மீறியது, எனக்குத் தெரிந்து, அந்த ஒரு முறைதான்.

"அவரு நேத்து ஊருக்குப் பேச வந்தாரு. நம்பர் போட வரல, நான்தான் போட்டுக் குடுத்தேன். கையில லேசா கீறல்னு பொண்டாட்டிகிட்ட சொன்னாரு. அப்பா வந்துதான் சட பின்னணும்னு கொயந்த அடம் புடிக்குதாம். சரி, வந்து பின்றேன்னாரு."

நான் சட்டைப் பையில் சில்லறையைத் தேடினேன்.

"அப்பறம் அவங்க அண்ணனுக்குப் போட்டாரு. கட்டைய நான் வெக்கல, நான் வரும்போதே இருந்திச்சுன்னாரு. யாரு வெச்சாங்கன்னு அவருக்குத் தெரியல. எனக்கும் தெரியாது."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போதும் அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

மறுநாள் பூசைக்கு அவர் வந்திருந்தார். கையில் பெரிய வெள்ளைக் கட்டு. எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்தார். பூசையின் தொடக்கத்தில் எல்லோரும் பாவத்தை ஏற்றுக்கொண்டு சொல்லும் செபம் உண்டு. "என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே" என்று சொல்லி மூன்று முறை வலது கையால் மார்பில் தட்டிக்கொள்ள வேண்டும். சின்ன வயதிலிருந்து வரும் பழக்கம், கை தானாக எழும். அவர் கையும் எழுந்தது. அந்தக் கட்டுப் போட்ட கையால் அவர் தன் மார்பில் தட்டிக்கொண்டார். ஒரு முறை. இரண்டு முறை. மூன்று முறை. வலித்திருக்க வேண்டும், தோள் நடுங்கியது.

என் கை எழவில்லை. என் பாவத்தை இன்னொருவர் தன் பாவம் என்று சொல்லி, என்னால் போன கையால் மார்பில் அடித்துக்கொண்டிருக்கிறார். அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு வாசகமும் பிரசங்கமும் என் காதில் ஏறவில்லை.

மன்றாட்டு நேரம் வந்தது. அவள் தடியை ஊன்றி மைக்குக்குப் போனாள். நான்கு மன்றாட்டுகள் வாசித்தாள். ஐந்தாவதாக ஒரு பெண்ணின் பரீட்சைக்கானது இருந்ததாம், பிறகு சொன்னார்கள். அதை அவள் ஆரம்பிப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். மைக்கை நோக்கி நடந்தேன். என்னைப் பார்த்ததும் அவள் சீட்டை மடித்துக்கொண்டு, மைக்கிலிருந்து இரண்டடி விலகி நின்றாள்.

எழுதி வைத்துக்கொண்டு பேசவில்லை. நினைவிலிருப்பதைத் தருகிறேன். "ஆண்டவரே, மெஷினில் கட்டையை வைத்தது நான். கை போனது இந்தச் சகோதரருக்கு. நாளைக் காலை விசாரணையில் இதைச் சொல்லப் போகிறேன். அங்கே போய் மாற்றிப் பேசாமல் இருக்க எனக்குத் தைரியம் தாரும் என்று உம்மை மன்றாடுகிறோம்."

தகரக் கூரையில் காக்கை நடக்கிற சத்தம் கேட்டது. யாருக்கும் பதில் சொல்லத் தோன்றவில்லை. பக்கத்திலிருந்து அவள் குரல் மட்டும் தனியாக எழுந்தது.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

பிறகு பெரியவர் சொன்னார். பிறகு காபி அம்மாள். பிறகு எல்லோரும். அடிபட்டவர் சொன்னாரா என்று நான் பார்க்கத் துணியவில்லை. பூசையின் முடிவில் ஒருவருக்கொருவர் கைகூப்பிச் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்திலும் அவர் என் பக்கம் திரும்பவில்லை. அவர் திரும்ப வேண்டும் என்று கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? வீட்டுக்குப் போகும் வழியில் என் மனைவி ஒன்றே ஒன்று சொன்னாள்.

"எங்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கலாம்லா."

அதுவும் நியாயம்தான்.

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு நஷ்டஈடு கிடைத்தது. அதே கம்பெனியில் ஸ்டோரில் உட்கார்ந்து செய்யும் வேலையும் கிடைத்தது. எல்லா மெஷின்களிலும் பட்டனைச் சுற்றி இரும்பு வளையம் வைத்தார்கள், கட்டை செருக முடியாதபடி. ஒரு வருடம் கழித்துக் கோயில் திருவிழாக் கொடியேற்றத்தன்று அவர் தன் மகளை என்னிடம் அழைத்து வந்து காட்டினார். குழந்தைக்கு இரட்டைச் சடை, ஒன்று மேலே ஏறியும் ஒன்று கீழே இறங்கியும் இருந்தது. இடது கையால் பழகிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

ஆனால் என் மனதில் நிற்பது அந்தத் திங்கட்கிழமை. விசாரணை அறையில் நான்கு பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். சூப்பர்வைசர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வைத்தது நான், வைக்கச் சொன்னது இவர் என்று சொன்னேன். இரண்டு முறை கேட்டார்கள், இரண்டு முறையும் சொன்னேன். கையெழுத்துப் போட்டேன். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பினார்கள். நான் கேட்டைத் தாண்டவும் பக்கத்துக் கம்பெனியில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதவும் சரியாக இருந்தது.

கேட்டுக்கு எதிரே, வெயிலில், தடியை ஊன்றிக்கொண்டு அவள் நின்றுகொண்டிருந்தாள். கூடவே கால்வாய்ப் பெரியவரும் காபி அம்மாளும். மூன்று பேருமே காலை எட்டு மணியிலிருந்து அங்கே நிற்கிறார்களாம். பூத்தை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டேன். பூட்டிவிட்டு வந்ததாகப் பெரியவர் சொன்னார். பெருநாள் அன்றுகூட அவள் அதைப் பூட்டி நான் பார்த்ததில்லை.

சங்கு ஊதிவிட்டதே, அவள் கண்ணை மூடிச் செபத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். முடித்துச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்ட பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"நீ எதுக்கும்மா இந்த வெயில்ல வந்து நிக்குதே?" என்றேன்.

"நேத்து கேட்டருளும்னு சொன்னேன் இல்ல? சொல்லிட்டு வூட்ல குந்திகினு இருக்கவா?" என்றாள். "சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"வேலை?"

"நாளையிலருந்து வர வேண்டாம்னுட்டாங்க."

தலையை ஆட்டினாள். தோளில் மாட்டியிருந்த பையிலிருந்து பழைய பில் சீட்டு ஒன்றை எடுத்து, பெரியவரின் முதுகில் வைத்துக்கொண்டாள். பெரியவரும் வாகாகக் குனிந்து கொடுத்தார்.

"வர்ற ஞாயித்துக்கெழம ஒங்க வேலைக்கு ஒண்ணு வாசிக்கணும்" என்றாள்.

அந்தக் கேள்வி வரும் என்று நான் காத்திருந்தேன். என்னிடம் பதில் எதுவும் இல்லை, கண்ணைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டேன். அவள் என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் பேனாவைத் திறந்தாள்.